நிலத்தடி எரிபொருள் தொட்டிக் கசிவு: மண்ணையும் கிணற்று நீரையும் ஆய்வதற்கான முழுமையான வழிகாட்டி

பெட்ரோல் பங்க் ஒன்றின் பின்தெருவில் உள்ள வீட்டுக் கிணற்றில் எண்ணெய் வாடை அடிக்கிறது என்று புகார் எழுந்தால், வழக்கமாக நடப்பது இதுதான். யாராவது ஒருவர் வந்து சமையலறைக் குழாயைத் திறந்து, ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் நீரைப் பிடித்துச் செல்கிறார். குடிநீர்த் தரப் பரிசோதனை நடக்கிறது. கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட், கோலிஃபார்ம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ‘எண்ணெய், கிரீஸ்: இல்லை’ என்று அறிக்கை தருகிறார்கள். அந்த வீட்டார் மறுநாள் காலையிலும் அதே வாடையைத்தான் முகர்கிறார்கள்.

எரிபொருள் மாசை ஆய்வதில், எவ்வளவு விலையுயர்ந்த கருவியில் பரிசோதித்தோம் என்பதைவிட, மாதிரியை எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எந்தப் பருவத்தில், எந்தக் கலத்தில் எடுத்தோம் என்பதே விடையைத் தீர்மானிக்கிறது. தவறான இடத்தில் எடுத்த மாதிரியை உலகின் மிகச் சிறந்த ஆய்வகத்துக்கு அனுப்பினாலும் தவறான நிம்மதிதான் கிடைக்கும். களத்தில் இறங்கும் பொறியாளர்கள், நிலவியல் மாணவர்கள், உள்ளாட்சி அலுவலர்கள், தங்கள் கிணற்றுக்கு என்ன நேர்ந்தது என்று அறிய விரும்பும் குடும்பத்தினர் ஆகியோருக்காக, தமிழ்நாட்டின் நில அமைப்பை மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

மண்ணுக்குள் எரிபொருள் எப்படிப் போகிறது

தொட்டியிலிருந்தோ குழாயிலிருந்தோ கசியும் பெட்ரோல், மண்ணின் இடுக்குகள் வழியே கீழ்நோக்கி இறங்குகிறது. போகும் வழியில் ஒரு பகுதி மண்துகள்களுக்கு இடையே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. இன்னொரு பகுதி ஆவியாகி மண்ணுக்குள் இருக்கும் காற்றில் கலக்கிறது. மிஞ்சியது நிலத்தடி நீர்மட்டத்தைத் தொட்டதும், நீரைவிட எடை குறைந்தது என்பதால் அதன் மேல் மிதந்து பரவுகிறது. பெட்ரோலின் ஒப்படர்த்தி சுமார் 0.72 முதல் 0.78 வரையும், டீசலுடையது சுமார் 0.82 முதல் 0.86 வரையும் இருக்கும். அந்த மிதவைப் படலத்திலிருந்து கரையக்கூடிய பொருள்கள் நீரில் கரைந்து, நீர் ஓடும் திசையில் நாக்கு நீட்டியதுபோல் நகர்கின்றன. ஒட்டிய எண்ணெய், ஆவி, மிதவை, கரைசல் ஆகிய இந்த நான்கையும் தனித்தனியாகத் தேட வேண்டும். ஒன்று இல்லை என்பதால் மற்றவையும் இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

கரைசலில் நாம் முதலில் தேடுவது பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் என்ற நான்கு சேர்மங்களை. துறையில் இவற்றைச் சேர்த்து ‘பிடெக்ஸ்’ என்பார்கள். இவற்றுள் பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிசெய்யப்பட்ட பொருள். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் அதற்கு வகுத்துள்ள வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். இந்தியாவின் வாகனப் புகைக் கட்டுப்பாட்டு அளவுகோலான பி.எஸ். 6 தரப் பெட்ரோலில் கன அளவில் 1 விழுக்காடு வரை பென்சீன் இருக்கலாம். அப்படியானால் ஒரு லிட்டர் பெட்ரோலில் 10 மில்லி, அதாவது ஏறத்தாழ 8.7 கிராம் பென்சீன் இருக்கும். அது முழுவதும் கரைந்தால் 8 லட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட நீரை அந்த அளவுக்குக் கொண்டுசெல்லப் போதுமானது. கணக்கு காகிதக் கணக்குதான். நிலத்தடியில் பெரும்பகுதி ஆவியாகும், நுண்ணுயிர்களால் சிதையும். ஆனாலும் ஒரு லிட்டர் கசிவை ‘சிறு கசிவு’ என்று சொல்லும்போது இந்த எண் நினைவில் இருப்பது நல்லது.

நுண்ணுயிர்கள் செய்யும் வேலையையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. கலிஃபோர்னியாவின் கசிவிடங்கள் பலவற்றின் தரவுகளைக் கொண்டு லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வுக்கூடம் 1995-இல் வெளியிட்ட ஆய்வு, பென்சீன் கரைசல் பெரும்பாலும் 250 அடிக்கு, அதாவது சுமார் 75 மீட்டருக்கு, அப்பால் செல்வதில்லை என்று காட்டியது. ஆனால் அந்த முடிவைத் தமிழ்நாட்டுக்கு அப்படியே பொருத்துவது ஆபத்தானது. நம் மாநிலத்தின் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலம் கடினப் பாறை. அங்கே நீர் மணலின் ஊடே மெதுவாகக் கசிவதில்லை. பாறை வெடிப்புகளின் வழியே ஓடுகிறது. அதோடு ஒவ்வொரு வீட்டிலும் ‘போர்’ எனப்படும் ஆழ்துளைக் கிணறு ஒன்று இருந்து, ஒவ்வொன்றும் தன் பக்கம் நீரை இழுத்துக்கொண்டிருக்கும்.

கலப்பொருள்களும் கணக்கை மாற்றுகின்றன. பெட்ரோலில் சேர்க்கப்பட்ட எம்.டி.பி.இ. என்ற பொருள் நீரில் மிக எளிதாகக் கரைந்து, எளிதில் சிதையாமல் நெடுந்தூரம் செல்லும். அமெரிக்காவில் சான்டா மோனிகா நகரம் 1996-இல் தன் நிலத்தடி நீர் வளத்தின் பெரும்பகுதியை மூட நேர்ந்ததற்கு அதுவே காரணம். இப்போது இந்தியாவில் விற்கப்படும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில் சிக்கல் வேறு வகையானது. எத்தனாலை நுண்ணுயிர்கள் முதலில் தின்றுவிடுவதால் நீரிலுள்ள ஆக்சிஜன் அதற்கே தீர்ந்துபோகிறது. பென்சீனின் முறை தள்ளிப்போகிறது. கரைசல் இன்னும் நீளமாகப் பரவ வாய்ப்பு ஏற்படுகிறது.

முதல் மணி நேரம்: உயிர்ப் பாதுகாப்பு

மாதிரிக் குப்பியை எடுப்பதற்கு முன்னால் தீப்பொறியைப் பற்றி யோசிக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது தரையோடு தவழ்ந்து கிணற்றுக்குழி, சம்ப், லிஃப்ட் குழி, சாக்கடை மேன்ஹோல் போன்ற தாழ்வான இடங்களில் தேங்கும். காற்றில் சுமார் 1.4 விழுக்காடு சேர்ந்துவிட்டாலே வெடிக்கும் நிலை வந்துவிடும். மெக்சிகோவின் குவாடலஹாரா நகரில் 1992 ஏப்ரல் 22 அன்று, குழாயிலிருந்து கசிந்த பெட்ரோல் கழிவுநீர்ச் சாக்கடைக்குள் புகுந்து வெடித்ததில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வாடை வருகிறது என்று அந்த மக்கள் முன்னரே புகார் சொல்லியிருந்தார்கள்.

ஆகவே வாடை வரும் கிணற்றில் மோட்டார் சுவிட்சைப் போடவோ அணைக்கவோ கூடாது. கிணற்றுக்குள் ஆள் இறங்கவே கூடாது. தூர் வாருகிறவர்களிடம் இதை நேரில் சொல்லி நிறுத்த வேண்டும். எரியக்கூடிய வாயுவை அளக்கும் கருவியைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்க வேண்டும். வெடிப்பு வரம்பின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் தீயணைப்புத் துறையை அழைத்து, ஆட்களை அப்புறப்படுத்த வேண்டும். பங்க் தரப்பில், சந்தேகத்துக்குரிய தொட்டியின் விற்பனையை நிறுத்தி, எரிபொருளை வேறு தொட்டிக்கோ லாரிக்கோ மாற்ற வேண்டும். அந்த வீட்டுக் குடும்பத்துக்கு அன்றைக்கே மாற்றுக் குடிநீர் தர வேண்டும். ஆய்வு முடிவு வரட்டும் என்று இதைத் தள்ளிவைப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை.

கசிகிறதா? பதிவேடுகள் சொல்வதும் சொல்லாததும்

பங்கில் ஒவ்வொரு நாளும் டிப் ராட் என்ற அளவுக்கோலை விட்டுத் தொட்டியின் இருப்பை அளக்கிறார்கள். வண்டிக்கு எரிபொருள் நிரப்பும் இயந்திரமான டிஸ்பென்சரின் மீட்டர் மொத்தத்தையும் குறிக்கிறார்கள். வந்த சரக்கு, விற்ற சரக்கு, மீதம் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, குறைந்தது ஓராண்டுக் கணக்கை வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். ஒருநாள் குறைவதும் மறுநாள் கூடுவதும் அளவைப் பிழையாலும் வெப்ப மாற்றத்தாலும் வரும். ஒரே திசையில், நாள்தோறும் சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே போனால் அது கசிவின் முகம்.

ஆனால் இந்தக் கணக்கு ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. அமெரிக்க விதிகளில் மாத இருப்புக் கணக்குக்கு உரிய எல்லை, விற்பனையின் 1 விழுக்காடும் அதோடு 130 காலனும், அதாவது சுமார் 490 லிட்டரும் ஆகும். மாதம் 2 லட்சம் லிட்டர் விற்கும் ஒரு பங்குக்கு இதைப் பொருத்தினால், கிட்டத்தட்ட 2,500 லிட்டர் காணாமல் போகும்வரை கணக்கு சந்தேகம் எழுப்பாது. தொட்டியோ குழாயோ ஒழுகாமல் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கும் துல்லியமான இறுக்கச் சோதனையோ மணிக்கு 0.1 காலன், அதாவது சுமார் 0.38 லிட்டர், கசிந்தாலே கண்டுபிடிக்க வேண்டும் என்று அதே விதிகள் கேட்கின்றன. அந்தச் சிறு கசிவே ஓராண்டில் 3,300 லிட்டர் ஆகிவிடும். எனவே தொட்டிக்கும் குழாய்களுக்கும் தனித்தனியாக இறுக்கச் சோதனை செய்யச் சொல்லுங்கள். குழாய் இணைப்புகளும் டிஸ்பென்சரின் அடிப்பகுதியும் நிரப்புவாயும் தொட்டியின் உடலைவிட அதிகமாகக் கசியும் இடங்கள்.

மழைக்காலத்தில் தொட்டிக்குள் நீர் சேர்ந்தால் அதையும் ஒரு சாட்சியாகக் கொள்ளலாம். நீர்மட்டம் தொட்டியின் அடியைவிட உயரும்போது, வெயிலில் எரிபொருள் வெளியேறிய அதே ஓட்டை வழியாக நீர் உள்ளே வரும். டிப் ராடின் நுனியில் தடவும் பசை நிறம் மாறி அதைக் காட்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் முதலில் வரும் சிறிது நீரைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும் என்பதால், இப்போது அந்த அடையாளம் தாமதமாகவே தெரியும்.

நிலத்தின் வரலாறும் கிணறுகளின் கணக்கெடுப்பும்

இந்தப் படியை அலுவலக வேலை என்று பலர் தாண்டிவிடுகிறார்கள். என் அனுபவத்தில், ஆய்வின் பாதி விடை இங்கேதான் கிடைக்கிறது. தொட்டிகள் எப்போது புதைக்கப்பட்டன, குழாய்கள் எந்த வழியே போகின்றன, பழைய தொட்டி ஏதாவது மண்ணுக்குள் கைவிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோ, உரிமத்தோடு ஒப்புதல் அளித்த வரைபடத்தில் தொட்டிகளின் இடம் இருக்கும். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நிறுத்தப்பட்டது; அதற்கு முன்பே இயங்கிய பங்க் என்றால் மண்ணில் ஈயத்தையும் தேட வேண்டும். பக்கத்தில் மெக்கானிக் ஷெட், பஸ் டிப்போ, ஜெனரேட்டர் டீசல் தொட்டி உள்ள கல்யாண மண்டபம் இருக்கின்றனவா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே தெருவில் இரண்டு கசிவுகள் இருப்பது அரிதல்ல.

கண்ணுக்குத் தெரியாத குழாய்களையும் மறக்க வேண்டாம். 2013-இல் வடசென்னை தண்டையார்பேட்டையில் ஆழ்துளைக் கிணறுகளில் எண்ணெய் வந்தபோது, காரணம் தெருவுக்கு அடியில் சென்ற எண்ணெய்க் குழாயின் கசிவு என்று தெரியவந்தது. வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை சென்றது.

அடுத்து, பங்கைச் சுற்றி 500 மீட்டருக்குள் உள்ள எல்லாக் கிணறுகளையும் வீடு வீடாகச் சென்று கணக்கெடுங்கள். ஆழம், துளையின் மேற்பகுதி சரியாமல் காக்கும் கேசிங் குழாய் எதுவரை இறங்கியிருக்கிறது, ஊற்றுக்கண் எந்த அடியில் வந்தது, மோட்டார் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடுகிறது, வாடை எப்போது வருகிறது என்று கேட்டு எழுதுங்கள். ஒரு முறை, ஒரு வீட்டு அம்மா என்னிடம் இப்படிச் சொன்னார்: “மழை பெஞ்சா வாடை போயிடுது தம்பி, சித்திரை வெயில்லதான் குடலைப் புரட்டுது.” அந்த ஒரு வாக்கியம், நீர்மட்டம் இறங்கும்போது மிதவைப் படலம் கிணற்றுக்குள் வடிகிறது என்பதை எங்கள் கருவிகளுக்கு முன்பே சொல்லிவிட்டது. அதற்கு முந்தைய பரிசோதனைக்கு மாதிரி எடுத்தது மார்கழியில்.

கிணற்று நீரின் மேல் வானவில் நிறப் படலம் தெரிந்தால் உடனே எண்ணெய் என்று முடிவு கட்டவும் வேண்டாம். இரும்புச்சத்து மிகுந்த நீரில் வளரும் பாக்டீரியாவும் அப்படியே மினுமினுக்கும். ஒரு வாளியில் நீரை எடுத்து, குச்சியால் படலத்தைக் கீறிப் பாருங்கள். பாக்டீரியாப் படலம் கண்ணாடிச் சில்லுகள்போல் உடைந்து, துண்டுகளாகவே நிற்கும். எண்ணெய் குச்சிக்குப் பின்னாலேயே ஓடிவந்து மறுபடி ஒன்றாகச் சேர்ந்துவிடும். செலவில்லாத இந்தச் சோதனையைக் கணக்கெடுப்பின்போதே ஒவ்வொரு கிணற்றிலும் செய்துவிடலாம்.

மண்ணைத் துளைத்துப் பார்த்தல்

கணக்கெடுப்பிலிருந்து, மாசு எங்கிருந்து கிளம்பி, எந்த வழியே, யாரை அடைகிறது என்ற ஒரு கருத்துப்படத்தை வரைந்துகொண்டு அதன் பிறகே துளையிட வேண்டும். தொட்டிகளின் இரு முனைகள், நிரப்புவாய், டிஸ்பென்சர் தீவுகள், குழாய் திரும்பும் இடங்கள் ஆகியவற்றுக்கு அருகில் முதல் துளைகள் அமைய வேண்டும். மாசு எட்டியிராது என்று நம்பத்தக்க மேட்டுப்பகுதியில் ஒரு துளை ஒப்பீட்டுக்காகக் கட்டாயம் தேவை. ஒவ்வொரு இடத்திலும் முதல் ஒன்றரை மீட்டரைக் கையால் தோண்டுங்கள். மின்கம்பியையோ எரிபொருள் குழாயையோ துளைத்தால் ஆய்வே விபத்தாகிவிடும். மென்மையான மண்ணில் கையால் திருகித் துளையிடும் ஆகர் போதும். நீரையோ களிக்குழம்பையோ பாய்ச்சித் துளையிடும் முறையும், காற்றை அடித்துத் துளையிடும் வழக்கமான போர் வண்டியும் மண்மாதிரிக்கு ஏற்றவை அல்ல. முன்னது மாசைக் கழுவிவிடும், பின்னது ஆவியாக்கிவிடும்.

அரை மீட்டருக்கு ஒரு முறை மண்ணை எடுத்து நிறம், ஈரம், வாடை, களியா மணலா என்று எழுதுங்கள். பெட்ரோல் தங்கிய மண் பெரும்பாலும் சாம்பலோடிய பச்சை நிறத்துக்கு மாறியிருக்கும். அதில் கொஞ்சத்தை ஜிப் வைத்த பாலித்தீன் பையில் பாதியளவு போட்டு மூடி, பத்து நிமிடம் வெயில் படாத இடத்தில் வைத்து, பி.ஐ.டி. எனப்படும் ஒளி அயனியாக்க உணரியின் முனையைப் பைக்குள் செருகி அதிகபட்ச அளவைக் குறியுங்கள். இது பென்சீன் எவ்வளவு என்று சொல்லாது. எந்த ஆழத்தில் ஆவி அதிகம் என்று மட்டும் சொல்லும். ஈரக்காற்று இந்தக் கருவியை ஏமாற்றும் என்பதால், மழை நாளில் எடுத்த அளவுகளை வெயில் நாளின் அளவுகளோடு ஒப்பிடக் கூடாது.

எந்த மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவது? கருவி மிக அதிகம் காட்டிய ஆழம் ஒன்று. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உள்ள ஈரமண் ஒன்று. மாசு முடிந்துவிட்டது என்று நினைக்கும் ஆழம் ஒன்று. மிதவை நீர்மட்டத்தோடு ஏறி இறங்கி மண்ணைப் பூசி வைப்பதால், நடு அடுக்கே பல இடங்களில் மிக மோசமாக இருக்கும். மண்ணைக் கலந்து பிசைந்து ‘சராசரி மாதிரி’ எடுப்பது உரப் பரிசோதனைக்குச் சரி. இங்கே அது பென்சீனைக் காற்றில் விட்டுவிடும் செயல். முனை வெட்டிய சிரிஞ்சால் சுமார் 5 கிராம் மண்ணை உருவி, ஆய்வகம் முன்பே மெத்தனால் ஊற்றி எடைபோட்டுத் தந்த குப்பியில் உடனே இட்டு மூடி, பனிக்கட்டிப் பெட்டியில் வையுங்கள்.

கண்காணிப்புக் கிணறு அமைத்தல்

‘ஏற்கெனவே இத்தனை போர்கள் இருக்கின்றனவே, புதிதாக எதற்கு?’ என்று கேட்பார்கள். காரணம் இருக்கிறது. நம் ஊர் ஆழ்துளைக் கிணற்றில் மேலேயுள்ள மண்ணும் சிதைந்த பாறையும் கேசிங் குழாயால் மறைக்கப்பட்டிருக்கும். நீர் வருவது அதற்குக் கீழே உள்ள வெடிப்புகளிலிருந்து. மிதக்கும் எண்ணெயோ மேலே இருக்கிறது. 600 அடிப் போரிலிருந்து வரும் சுத்தமான நீர், 20 அடியில் கிடக்கும் பெட்ரோலைப் பற்றி எதுவும் சொல்லாது. கேசிங் சரியாக அடைக்கப்படாத போர் அந்தப் பெட்ரோலை ஆழத்துக்கு இறக்கிவிடும் வழியாகவும் ஆகலாம். பழைய திறந்த கிணறு இந்த வகையில் போரைவிட நேர்மையான சாட்சி.

கண்காணிப்புக் கிணற்றுக்கு 50 மி.மீ. பி.வி.சி. குழாய் போதும். அதில் மெல்லிய கீறல்கள் உள்ள வடிகுழாய்ப் பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் இருக்குமாறு அமைய வேண்டும். முழு வடிகுழாயும் நீருக்குள் மூழ்கியிருந்தால் மிதவை எண்ணெய் உள்ளே வரவே முடியாது. தமிழ்நாட்டில் கோடைக்கும் வடகிழக்குப் பருவமழைக்கும் இடையே நீர்மட்டம் பல மீட்டர் மாறும் என்பதால், அந்த ஏற்ற இறக்கம் முழுவதையும் வடிகுழாய் தழுவும்படி நீளத்தைத் திட்டமிடுங்கள். அதைச் சுற்றிக் கழுவிய பருமணல், அதன்மேல் பென்டோனைட் களி அடைப்பு, அதன்மேல் சிமென்ட், கடைசியில் பூட்டுடன் மூடி.

குழாய்களைத் திருகுமரையால் மட்டுமே இணைக்க வேண்டும். பிளம்பர்கள் பழக்கத்தில் சால்வென்ட் சிமென்ட் டப்பாவைத் திறந்துவிடுவார்கள். அந்தப் பசையிலுள்ள கரைப்பான்கள் நீரில் இறங்கி, ஆய்வக முடிவுகளில் மாதக்கணக்கில் குழப்பம் விளைவிக்கும். வேலை தொடங்கும் முன்பே பசை டப்பாவைக் களத்திலிருந்து அகற்றிவிடுவது என் வழக்கம்.

குறைந்தது மூன்று கிணறுகள், ஒரே நேர்கோட்டில் இல்லாமல், முக்கோணமாக அமைய வேண்டும். இரண்டு கிணறுகளால் நீர் ஓடும் திசையைச் சொல்ல முடியாது. கடினப் பாறையில் மூன்றும் போதாது; வெடிப்புகளின் திசையை அருகிலுள்ள பாறை வெட்டுகளிலும் திறந்த கிணற்றுச் சுவர்களிலும் பார்த்து, அந்தத் திசையில் கூடுதல் கிணறு அமைக்க வேண்டும்.

நீர்மட்டமும் ஓட்டத் திசையும்

எல்லாக் கிணறுகளின் குழாய் உச்சியையும் லெவல் கருவியால் ஒரே ஆதாரப்புள்ளியோடு இணைத்து அளந்த பிறகு, எண்ணெயையும் நீரையும் பிரித்துக் காட்டும் இடைமுக உணரியை இறக்குங்கள். அளவுகள் அனைத்தும் ஒரே நாளில், சுற்றுப்புற மோட்டார்கள் ஓடாத நேரத்தில் எடுக்கப்பட வேண்டும்.

மிதவை உள்ள கிணற்றில் நீர்மட்டத்தைத் திருத்திக் கணக்கிட வேண்டும். குழாய் உச்சி 20.00 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய் 6.20 மீட்டரிலும் நீர் 6.60 மீட்டரிலும் தட்டுப்படுகின்றன. நீரின் மட்டம் 13.40, எண்ணெயின் தடிமன் 0.40. தடிமனைப் பெட்ரோலின் ஒப்படர்த்தியான 0.75-ஆல் பெருக்கிக் கூட்டினால் உண்மையான மட்டம் 13.70 ஆகிறது. இந்த 30 செ.மீ. திருத்தத்தை விட்டுவிட்டால், சமதளக் கடலோர மணலில் ஓட்டத் திசையே தலைகீழாகத் தெரியும். கிணற்றுக்குள் 40 செ.மீ. எண்ணெய் நிற்பதால் மண்ணிலும் 40 செ.மீ. அடுக்கு இருப்பதாகக் கொள்ளக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும். கிணறு அதை மிகைப்படுத்திக் காட்டும்.

வேகத்துக்கு ஒரு மதிப்பீடு: மணலின் நீர்கடத்து திறன் நாளுக்கு 10 மீட்டர், சரிவு 0.005, பயனுறு துளைமை 0.25 என்றால், நீர் நாளுக்கு 0.2 மீட்டர், ஆண்டுக்கு 73 மீட்டர் நகரும். பென்சீன் அதைவிடச் சற்றுப் பின்தங்கும்.

நீர்மாதிரி எடுத்தல்

மிதவை உள்ள கிணற்றில் கரைசல் மாதிரி எடுப்பது வீண். எண்ணெயையே தனியாக எடுத்து, அது பெட்ரோலா டீசலா, புதிதா பழையதா என்று அடையாளம் காண அனுப்புங்கள். மற்றக் கிணறுகளில் சுத்தமானதிலிருந்து மோசமானதை நோக்கி வரிசையாகச் செல்லுங்கள். 50 மி.மீ. குழாயில் ஒரு மீட்டருக்குச் சுமார் 2 லிட்டர் நீர் நிற்கும்; அந்தத் தேங்கிய நீரைப் போல மூன்று மடங்கை வெளியேற்றலாம். அதைவிட நல்லது, நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மிகாமல் மெதுவாக இறைத்து, அமிலகாரத்தன்மையும் மின்கடத்து திறனும் ஆக்சிஜனும் மாறாமல் நிலைக்கும்வரை காத்திருந்து எடுப்பது.

கலம் 40 மில்லிக் கண்ணாடிக் குப்பியாக, டெஃப்லான் உறையிட்ட மூடியுடன் இருக்க வேண்டும். நீரைச் சுவரோரமாக வழியவிட்டு, விளிம்பில் குமிழ்போல் புடைத்து நிற்கும்வரை நிரப்பி மூடுங்கள். பிறகு குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். கடுகளவு காற்றுக்குமிழ் மேலே ஓடினாலும் அந்தக் குப்பியைப் புறக்கணித்துப் புதிதாக எடுங்கள். பென்சீன் அந்தக் குமிழுக்குள் தப்பிவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துக் குளிரூட்டினால் 14 நாள்கள் வரை மாதிரி தாங்கும். சுண்ணாம்புச்சத்து மிகுந்த நீரில் அமிலம் பட்டால் நுரைத்துக் குமிழி வரும். அப்போது அமிலத்தை விட்டுவிட்டு 7 நாள்களுக்குள் பரிசோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் நிலம் இதற்கு நல்ல உதாரணம். அங்கே சுன்னாகம் மின் நிலையச் சுற்றுப்புறக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், இலங்கை உச்ச நீதிமன்றம் 2019-இல் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. கரைந்து குகையான சுண்ணக்கல்லில் மாசு பாயும் வேகம், மணலுக்கு எழுதிய சூத்திரங்களுக்குள் அடங்காது.

வீட்டுக் கிணற்றில் எடுப்பதானால் மோட்டார்க் குழாயின் வாயிலேயே, மேல்நிலைத் தொட்டிக்கு முன்பே எடுக்க வேண்டும். சம்பிலும் மாடித் தொட்டியிலும் கொட்டி விழும் நீரிலிருந்து ஆவியாகும் பொருள்களில் பெரும்பகுதி போய்விடும். பத்து மாதிரிக்கு ஓர் இரட்டை மாதிரியும், ஆய்வகத்திலிருந்து நிரப்பி வந்து திறக்கப்படாமலே திரும்பும் பயணக் குப்பி ஒன்றும் வையுங்கள். வண்டியில் ஜெனரேட்டருக்கான பெட்ரோல் கேனையும் மாதிரிப் பெட்டியையும் சேர்த்து ஏற்றியவர்களை இந்தப் பயணக் குப்பிதான் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் நேரமும் கையொப்பமும் வேண்டும். பின்னாளில் தீர்ப்பாயத்தில் முதலில் கேட்கப்படும் கேள்வி இதைப் பற்றியதாகவே இருக்கும்.

ஆய்வகத்திடம் என்ன கேட்பது

‘எண்ணெய், கிரீஸ்’ என்று எழுதிக் கேட்காதீர்கள். அந்தப் பரிசோதனையில் கரைப்பானால் பிரித்தெடுத்ததைச் சூடாக்கி ஆவியாக்கி, மீந்த எச்சத்தை எடைபோடுகிறார்கள். பெட்ரோலின் சேர்மங்கள் அந்தச் சூட்டிலேயே பறந்துவிடும். முகப்பில் சொன்ன ‘இல்லை’ என்ற அறிக்கை வந்த விதம் இதுதான். ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியமான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில், வாயு நிறப்பிரிகை – நிறைமாலை முறையில் பிடெக்ஸ் நான்கும், நாப்தலீனும், எம்.டி.பி.இ.யும், கார்பன் எண் வாரியாகப் பிரித்த மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பன்களும் வேண்டும் என்று எழுதுங்கள். அங்கீகாரப் பட்டியலில் அந்தக் குறிப்பிட்ட பரிசோதனை உள்ளதா என்றும் பாருங்கள். கண்டறியும் எல்லை லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் அளவில் இருக்க வேண்டும். எல்லையே 50 மைக்ரோகிராம் என்றால், ‘கண்டறியப்படவில்லை’ என்ற சொல்லுக்கு உங்கள் கிணற்றில் பொருள் இல்லை.

முடிவுகளைப் படித்தலும் மறுபடி எடுத்தலும்

அளவுகளை வரைபடத்தில் இட்டு, சம அளவுக் கோடுகளை வரைந்து, மாசின் விளிம்பு எல்லாப் பக்கமும் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் திறந்திருந்தால் ஆய்வு முடியவில்லை. அந்தப் பக்கம் இன்னொரு கிணறு வேண்டும். மாசின் நடுவே ஆக்சிஜனும் நைட்ரேட்டும் சல்பேட்டும் குறைந்து, கரைந்த இரும்பும் மீத்தேனும் கூடியிருந்தால், நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன என்று கொள்ளலாம். கட்டடங்களுக்கு அருகே மண்காற்று மாதிரியும் எடுங்கள். மாசுள்ள நீரைக் குடிக்காத குடும்பமும் அடித்தளத்தின் வழியே ஏறும் ஆவியைச் சுவாசிக்கக்கூடும்.

ஒரே சுற்றோடு நிறுத்தக் கூடாது. புரட்டாசியில், மழைக்கு முன், நீர்மட்டம் தாழ்ந்திருக்கும்போது ஒரு முறையும், தை மாதத்தில் உயர்ந்திருக்கும்போது ஒரு முறையும் எடுத்து, இரண்டு ஆண்டுகளாவது தொடருங்கள். மழைக்குப் பின் மிதவை மறைந்தால் தீர்ந்தது என்று எண்ணக் கூடாது. உயர்ந்த நீருக்கு அடியில் மண்ணிடுக்குகளில் அது சிறைப்பட்டிருக்கும். கோடையில் திரும்ப வரும்.

அறிக்கை யாருக்கு

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும், பெசோவுக்கும், மாவட்ட ஆட்சியருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். மாசடைந்த இடங்களின் மேலாண்மைக்கென மத்திய அரசு 2025-இல் தனி விதிகளை அறிவித்துள்ளது. முதற்கட்ட மதிப்பீடு, விரிவான ஆய்வு, சீரமைப்பு என்று படிப்படியாகச் செல்லும் அந்த நடைமுறையில் உங்கள் தரவுகள் நேரடியாகப் பயன்படும். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோருவதற்குப் பொதுவாக 5 ஆண்டுக் காலவரையறை உண்டு என்பதை, பாதிக்கப்பட்டவர்களிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

கிணற்றுக்காரர் ஒவ்வொருவருக்கும் அவர் கிணற்றின் முடிவைத் தமிழில், ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். என்ன தேடினோம், எவ்வளவு இருந்தது, எவ்வளவு வரை இருக்கலாம், இந்த நீரைக் குடிக்கலாமா, சமைக்கலாமா, குளிக்கலாமா, செடிக்கு ஊற்றலாமா, அடுத்த மாதிரி எந்த மாதத்தில் எடுப்போம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று அவர்கள் நினைத்திருந்தால், மூடிய சமையலறையில் கொதிக்கும் நீரிலிருந்து பென்சீன் அவர்கள் சுவாசிக்கும் காற்றுக்குத்தான் போகும் என்பதையும் நேரில் உட்கார்ந்து விளக்குங்கள்.